பத்திரத்தில் மூன்றாவது பெயர்

மார்ச் 4
டயர் கடை மாடி

வணக்கம்.

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். விவாகரத்து ஆன பிறகு அந்தச் சொல்லைப் போடலாமா கூடாதா தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் "இந்தா பாரு" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கடிதத்தில் அதையா போடுவது? அதனால் வணக்கம்.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். வக்கீல் வேண்டாம் என்கிறார். "ரெண்டு பேரும் பேசினா மூணாவது வார்த்தையில சண்டை. எழுதுங்க சார், எழுத்துன்னா நாளைக்கு ஆதாரமாவும் இருக்கும்" என்றார். அந்த வீட்டுப் போனில் பேச எனக்கும் மனசில்லை.

சாமான்களில் எனக்கு எதுவும் வேண்டாம். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் உனக்கு. என் டூல் பெட்டியையும் டேபிள் ஃபேனையும் வரும்போதே எடுத்து வந்துவிட்டேன். மிச்சம் இருப்பது வீடும் கடனும். வீட்டை விற்றால் பேங்க் கடனை முடித்துவிட்டுக் கையில் கொஞ்சம் நிற்கும். ஒரு பல் டாக்டர் கேட்கிறார். கீழே கிளினிக், மேலே குடித்தனம் என்று திட்டம் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், விலையிலும் இழுபறி இல்லை.

ஒரே ஒரு சிக்கல். பத்திரத்தில் மூன்று பெயர் இருக்கிறது. நீ, நான், சின்னவன்.

போன மாதத்தோடு அவன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் அவர் உயிரோடு இல்லை என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாமாம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். அதனால் அவன் பங்கு அண்ணனான எனக்கு வரும். அதிலும் உனக்குப் பாதி தருகிறேன், எழுதியே தருகிறேன். நீ செய்ய வேண்டியது இத்துடன் வைத்திருக்கும் தாளில் ஒரு கையெழுத்து. 'ஏழு ஆண்டுகளாக மேற்படி நபரிடமிருந்து எவ்விதத் தகவலும் இல்லை.' அவ்வளவுதான்.

முழங்கால் போய்விட்டது. லிஃப்ட் மோட்டார் ரூம் ஏணி ஏற முடியாமல் இப்போது கம்பெனியில் புதுப் பையன்களுக்கு வயர் நிறம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளமும் குறைந்துவிட்டது. சீக்கிரம் போட்டு அனுப்பு.


மார்ச் 13
வீடு

வணக்கத்துக்கு வணக்கம்.

வாஷிங் மெஷினை எனக்கு விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. அது ஓடாமல் மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் சரிசெய்தவர் வீட்டு மெஷினின் மூடியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

பேங்க் கடனில் பாதி என்னுடையது, மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன், கட்டிவிடுவேன். ஃபைனான்ஸில் சின்னவன் வாங்கிய வேன் கடனுக்கு ஜாமீன் போட்டது நீங்கள் மட்டும்தான். "அதுல உங்களுக்குச் சம்பந்தமே இல்லை, வாயைத் திறக்காதீங்க" என்று என் வக்கீலம்மா சொல்கிறார். ஆனாலும் அதிலும் பாதியை என் தலையில் எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

பல் டாக்டர் வந்து பார்த்தார். சமையலறையில் வெளிச்சம் போதாது என்றார். பின்னறைக் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்க யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லை டாக்டர்."

"கட்டில்ல விரிப்பு புதுசா இருக்கே. யாரோ தூங்குறாங்களோன்னு நினைச்சு மெதுவாத் திறந்தேன்."

மாதம் ஒரு தடவை மாற்றுகிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

விற்கச் சம்மதம். பிரிக்கச் சம்மதம். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போடாமல். அதில் எழுதியிருப்பது உண்மையில்லை.


மார்ச் 19
டயர் கடை மாடி

உண்மையில்லை என்றால் என்ன அர்த்தம்? உனக்கு மட்டும் தனியாகத் தகவல் வந்ததா? வந்திருந்தால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? போலீஸ் ஸ்டேஷனில், பஸ் ஸ்டாண்டில், அவன் வேன் ஓட்டிய ரூட் முழுக்க நாய் மாதிரி அலைந்தவன் நான்.

வேன் கடனில் பாதியை உன் தலையில் எழுதச் சொல்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசாத பேச்சு அது. இனி மனைவி கோபித்துக்கொள்வாள் என்ற பயம் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸ் வந்த அன்றைக்கு நான் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் இருந்தேன். லிஃப்டுக்குள் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. காவலாளி அறைப் போனில் நீ. வேன் கடனுக்கு வீட்டையே ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டான், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன் கையெழுத்தையும் அவனே போட்டிருக்கிறான் என்றாய். நான் கத்தினேன். "அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லு" என்றேன். சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. கோபத்தில் மனுஷன் ஆயிரம் சொல்வான். அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாயே, அது ஏன்? சாயங்காலம் நான் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? வந்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன், அப்புறம் சாப்பிட உட்காரவைத்திருப்பேன்.

என்ன தகவல் என்று எழுது.


மார்ச் 27
வீடு

நீங்கள் இதைக் கேட்பதற்கு ஏழு வருஷம் எடுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அது நம் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லவில்லை. அதைவிட மோசமாகச் சொன்னேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. நான் பூசிய சுவர், நான் கட்டிய தவணை. "உங்க அண்ணன் போகச் சொல்றார். எனக்கும் அதான் சரின்னு படுது" என்றேன். இரண்டாவது வாக்கியம் என்னுடையது. அதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "சரி அண்ணி" என்றான். கடைக்குப் போய் வரச் சொன்னால் எப்படிச் சொல்வானோ அப்படி. வேன் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூட்டிக் கிடந்த வேனை நீங்கள் கண்டுபிடித்தபோது உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

இப்போது தகவல்.

அவன் போன பத்தாவது மாதம், மதியம், போன் அடித்தது. எடுத்தேன். பேச்சு இல்லை. ஆனால் ஆள் இருந்தது. மூச்சு கேட்டது. அழுதுவிட்டு அடக்குகிறவர்களின் மூச்சு. "யாரு?" என்றேன், பதில் இல்லை.  "தம்பி, நீயா?" என்றேன். மூச்சு நின்று, மறுபடி வந்தது. எனக்கு அது போதும். சாப்பிட்டாயா, எங்கே தூங்குகிறாய், உன் அறை அப்படியே இருக்கிறது, அண்ணனுக்குக் கோபம் இல்லை, அண்ணிக்கும் இல்லை, வந்துவிடு என்று என்னென்னவோ சொன்னேன். வெகுநேரம் கழித்து நான்தான் போனை வைத்தேன். வைக்காவிட்டால் அங்கே காசு தீர்ந்துவிடுமோ என்று.

அதற்குப் பிறகும் வந்தது. மொத்தம் ஐந்து தடவை. ஒருமுறைகூடப் பேசவில்லை. நான் பேசுவேன், அவன் கேட்பான். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் நம்பரைத் தோண்டுவீர்கள், அவன் பயந்து நிறுத்திவிடுவான் என்று தோன்றியது.

தகவல் இல்லை என்று நான் எப்படிச் சத்தியம் செய்வது?


ஏப்ரல் 2
டயர் கடை மாடி

கடிதம் வந்தது. எனக்கு ஒரு வாரம் கொடு. உன் வக்கீலம்மாவிடம் போன் விஷயத்தைச் சொல்லாதே. தயவுசெய்து.


ஏப்ரல் 10
டயர் கடை மாடி

மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

கம்பெனியில் புதுப் பையன் ஒருவன் நேற்று ஓடி வந்தான். "சார், யாருமே பட்டன் அமுக்கலை, லிஃப்ட் தானா மூணாவது மாடிக்குப் போய் நிக்குது. காவலாளி அங்க பேய் இருக்குன்னு சொல்றார்" என்றான். "பேயும் இல்லை பிசாசும் இல்லைடா, எவனாவது அப்படி செட் பண்ணி வச்சிருப்பான், போய்ப் பாரு" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த போன் நான்தான்.

முதல் தடவை வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைக்குப் போலீஸ் என்னை ஓர் உடலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. ஆற்றில் எடுத்தது. உன்னிடம் சொல்லாமல் போனேன். சட்டை அவனுடையது மாதிரியே இருந்தது. முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். அவன் இல்லை. பல் வரிசை வேறு. வெளியே வந்து எதிரே இருந்த பூத்தில் வீட்டுக்கு நம்பரைப் போட்டேன், அவன் இல்லை என்று உன்னிடம் சொல்ல. நீ எடுத்தாய். எனக்குக் குரல் வரவில்லை.  "தம்பி, நீயா?" என்றாய்.

அந்தக் குரலில் நீ என்னிடம் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இல்லை, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ பேசிக்கொண்டே போனாய். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பின்னறை ஜன்னல் திறந்திருக்கிறது, நீ தலைசீவி இருக்கிறாய், பத்து மாதத்தில் முதல் தடவையாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். அன்றைக்கு நான் எப்படிச் சொல்வேன்?

அப்புறம் நீ மறுபடி படுத்த படுக்கையானபோது இரண்டாம் தடவை செய்தேன். மருந்து கொடுக்கிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொத்தம் நான்கு தடவை. கடைசித் தடவை நீ என்ன சொன்னாய் தெரியுமா? "உங்க அண்ணன் உன்னை மறந்துட்டார்டா. அவருக்கு லிஃப்டும் தூக்கமும் போதும். இந்த வீட்டில உன்னை நினைக்கிற ஆள் நான் ஒருத்திதான்." பேச முடியாத ஆளாக நின்று அதைக் கேட்டேன். அடுத்த மாதம் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏன் போகிறீர்கள் என்று நீ கேட்டபோது, சும்மாதான், வேலைக்குப் பக்கம் என்றேன்.

நான்குதான். நீ ஐந்து என்று எழுதியிருக்கிறாய். எண்ணிக்கையில் தவறு இருக்கலாம்.


மே 3
வீடு

எண்ணிக்கையில் நான் தவறு செய்வதில்லை. இருபத்தேழு வருஷமாக ரத்த அணுக்களை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று லேபுக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். ஒரு வாரம் போன் வயரைப் பிடுங்கி வைத்தேன், மறுபடி மாட்டினேன். உங்களைத் திட்டி எழுத உட்கார்ந்தால் திட்டு வரவில்லை, வெட்கம்தான் வருகிறது. என் புருஷனிடமே என் புருஷனைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறேன். எனக்கு மூட்டு வலி என்று சொன்னேன், பயமாக இருக்கிறது என்று சொன்னேன், தனியாக இருப்பதுபோல இருக்கிறது என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாயங்காலம் வந்து "டீ இருக்கா?" என்று கேட்டீர்கள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பொய்யைக்கூட மன்னித்துவிடலாம்.

பின்னறைக்குள் இப்போது போக முடியவில்லை. முன்பு அவன் இல்லாத அறையாக இருந்தது. இப்போது யாரும் ஒருபோதும் திரும்பி வந்து பார்க்காத அறையாக இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. அங்கே குழாய் சொட்டுகிறது, பிளம்பரைக் கூப்பிட்டால் உள்ளே கூட்டிப்போக வேண்டுமே என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த ஐந்தாவது. நீங்கள் போன பிறகு வந்தது, போன வருஷம், மழை பெய்த ஒரு காலை. உங்கள் நான்கு தடவையும் நான்தான் போனை முதலில் வைத்தேன். நீங்கள் வைக்கவே மாட்டீர்கள். அன்றைக்கு மட்டும் நான் "தம்பி, அண்ணன் போயிட்டார்டா" என்று சொன்னதும் அந்தப் பக்கம் மெதுவாக வைத்துவிட்டார்கள்.

அது நீங்களா? ஒரே ஒரு வார்த்தையில் பதில் எழுதுங்கள்.


மே 9
டயர் கடை மாடி

இல்லை.

உனக்கு நிம்மதி கிடைக்குமென்றால் அதுவும் நான்தான் என்று சொல்லிவிடத் தயார். எது வேண்டுமோ அதைச் சொல்.


மே 15
வீடு

வேண்டாம். நீங்கள் இதுவரை அவனாக இருந்தது போதும்.

நன்றாக யோசித்துவிட்டேன். லேபில் ஒரு முடிவு ஒரு தடவை வந்து, மறுபடி சோதித்தால் வராமல் போனால், அதை ரிப்போர்ட்டில் எழுத மாட்டோம். எங்கள் டாக்டர் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். ராங் நம்பராக இருந்திருக்கலாம். ஒரு கிழவி உளறுகிறாள் என்று யாரோ வைத்திருக்கலாம். ஒரு மூச்சை வைத்துக்கொண்டு ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்க முடியாது. புதுத் தாள் அனுப்புங்கள், கோர்ட்டுக்கு வந்து நேரில் கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் பங்கில் எனக்குப் பாதி வேண்டாம். அதிலிருந்து வேன் கடனைத் தீர்த்துவிடுங்கள். அவன் கடனை அவனே தீர்த்ததாக இருக்கட்டும். இத்தனை வருஷம் கழித்து அந்த ஃபைனான்ஸ்காரன் அவனைத் திருடன் என்று சொல்லக் கூடாது. மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முழங்காலைப் பாருங்கள்.

பேப்பர் விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்று உங்கள் வக்கீல் ஆள் அனுப்பினார். தனியாக எடுத்த படம் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் பால் காய்ச்சிய அன்று வாசலில் மூன்று பேரும் நிற்கிற படத்திலிருந்து அவனை வெட்டிக் கொடுத்தேன். அவன் தோளில் உங்கள் கை இருந்தது. கையை எடுத்தால் தோளும் போய்விடும். அதனால் உங்கள் நான்கு விரல் பேப்பரில் வரும். பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.


நவம்பர் 21
ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ், ஆறாம் எண்

பத்திரப் பதிவு முடிந்ததற்கு ரசீது வந்தது. உங்கள் பங்கும் வந்திருக்கும். பல் டாக்டர் இத்தனை மாதம் காத்திருந்தது நம் அதிர்ஷ்டம். பின்னறையில் எக்ஸ்ரே மெஷின் வைக்கப் போகிறாராம். கட்டிலை ஆஸ்பத்திரி ஆயாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நமக்குள் எழுத வேண்டியது இனி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கோர்ட்டில் நீங்கள் உள்ளே வக்கீலோடு நின்றீர்கள், நான் வராந்தாவில் இருந்தேன். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

முதலில் ஒரு குமாஸ்தா தாளும் பேனாவுமாக வந்தார். "காணாமப்போனவருக்கு நீங்க என்ன முறைம்மா?" என்றார். "அண்ணி" என்றேன். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்குத்தான் விவாகரத்து ஆயிடுச்சே. அண்ணின்னு போட்டா ஜட்ஜ் கேள்வி கேட்பார்."

"வேற என்ன போடுவீங்க?"

"உறவு இல்லை, சொத்தில் பங்குதாரர்னு போடறேன். சரியா?"

சரி என்றேன். எட்டு மாதமாக நாம் எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்தோம், அவனை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் தவித்தோம். அந்த மனிதர் அரை நிமிஷத்தில் பிரித்து, முழுசாக உங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு சிப்பந்தி கதவருகே வந்து நின்றார். ஆள் வரவில்லை என்று எழுதுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. சின்னவனின் பெயரை, உங்கள் அம்மா வைத்த முழுப் பெயரை, உரக்கக் கூப்பிட்டார். நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டதும், என் பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் எழுந்து நின்றார்.

நாற்பது வயது இருக்கும். ஒல்லி. மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருக்கிறார். திடுக்கிட்டு எழுந்ததில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அபூர்வமான பெயர் ஒன்றும் இல்லை அது, அவருக்கும் அதே பெயர் போலிருக்கிறது. இருந்தாலும் நானும் பாதி எழுந்துவிட்டேன். முகத்தைப் பார்த்தேன். வேறு முகம். முன்பின் பார்த்திராத, நல்ல, களைத்துப்போன முகம்.

அவர் சிப்பந்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அக்கா, என்னையா கூப்பிட்டாங்க?" என்றார்.

"இல்லப்பா. இது வேற கேஸ்" என்றேன். "உங்களை இல்லை. நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். சிப்பந்தி வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "யாரும் வரலை" என்றார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள்.

கோபம் இல்லை. "யாரும் வரலை" என்று அவர் சொன்னபோது அந்தப் பெயருள்ள ஆள் என் பெஞ்சில்தான் இருந்தார். நான்தான் அவரை உட்காரச் சொன்னேன்.